தாவர எண்ணெயில் பிளாஸ்டிக்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

ப்ளஸ் டூ முடித்த மகள், தாவர எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். ஊரெல்லாம் பிளாஸ்டிக்கைத் தடை செய்யும் காலத்தில் இது தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

முதலில் தடை பற்றிய பயத்தை விடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையானது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பை, கப், உறிஞ்சுகுழல் வகையறா. உங்கள் மகள் சொல்லும் துறையின் சரக்கு வேறு. கார்களின் எரிபொருள் குழாய், லாரியின் ஏர்பிரேக் குழாய் ஆகியவற்றுக்குப் போகும் நைலான் 11 என்ற பிளாஸ்டிக் முழுக்க ஆமணக்கெண்ணெயில் பிறப்பது. பிரான்சின் மார்செய் நகரில் 1955 முதல் தொழிற்சாலை அளவில் இதன் மூலப்பொருளைச் செய்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு உலகமே நம்பியிருப்பது இந்தியாவை, குறிப்பாகக் குஜராத்தை.

மகளிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பிளாஸ்டிக் மண்ணில் மக்குமா?" மக்கும் என்று சொன்னால், சேர்க்கைக்கு முன்பே திருத்திவிட வேண்டும். எதிலிருந்து செய்தோம் என்பது வேறு, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு. நைலான் 11 செடியிலிருந்து வந்தாலும் மக்காது. பல்லாண்டு உழைக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்கிறார்கள். தாவர எண்ணெயைத் தின்னக் கொடுத்துப் பாக்டீரியாவின் உடலில் சேரவைக்கும் பிஎச்ஏ வகை மக்கும். பிஎல்ஏ என்ற இன்னொரு செடிப் பிளாஸ்டிக் மக்குவதற்கு உரக்கிடங்கின் சூடு வேண்டும், அதன் மூலப்பொருளும் எண்ணெய் அல்ல, மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். மூன்றும் மூன்று தொழில்கள். எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் கொட்டமுத்து (ஆமணக்கு) என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் சங்கிலி. பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) தொங்குகிறது. கடலை எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ இது கிடையாது. எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியவைத்து, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சங்கிலி அந்த ஹைட்ராக்சிலை ஒட்டி முறிந்து, 11 கார்பன் துண்டும் 7 கார்பன் துண்டுமாகப் பிரிகிறது. 11 கார்பன் துண்டு நைலானுக்கு. 7 கார்பன் துண்டான ஹெப்டால்டிஹைடு வாசனைத் திரவியத் தொழிலுக்கு. முதல் படியில் பிரிந்த கிளிசரினுக்குத் தனி வியாபாரம். இவை விலைபோகவில்லையென்றால் நைலானின் கணக்கே உதைக்கும். அதே எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் 250 டிகிரிக்கு மேல் உருக்கினால் 10 கார்பன் செபாசிக் அமிலம் கிடைக்கும்; நைலான் 610 அதிலிருந்து வருவது. வேதியியல், வெப்பம், சந்தை மூன்றும் பின்னிக் கிடக்கும் தொழில் இது. அதனால்தான் அகலமான அடிப்படைப் படிப்பை வலியுறுத்துகிறேன்.

கெமிக்கல் இன்ஜினியரிங்தான் என் முதல் சிபாரிசு. அண்ணா பல்கலையின் ஏ.சி.டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி இருக்கிறது. பொருளை வார்ப்பதிலும் சோதிப்பதிலும் ஆர்வமிருந்தால் அதுவே மேல். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தயார் என்றால் மும்பை ஐ.சி.டி.யில் (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) எண்ணெய்க்கும் பாலிமருக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும். கான்பூர் எச்.பி.டி.யு. தொழில்நுட்பப் பல்கலையிலும் ஆயில் டெக்னாலஜி, பிளாஸ்டிக் டெக்னாலஜி இரண்டும் ஒரே வளாகத்தில். செலவு தாங்காது என்றால் பி.எஸ்சி. வேதியியல் போதும், குறைவான படிப்பு அல்ல. அதன்பின் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனமான சிபெட்டில் பிளாஸ்டிக் பதப்படுத்தல், சோதனைக்கான முதுநிலை டிப்ளமோ, அல்லது எம்.எஸ்சி. முடித்து சென்னை சி.எல்.ஆர்.ஐ., புனே என்.சி.எல்., ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி. போன்ற மத்திய அரசு ஆய்வகங்களில் ஆய்வுப் பக்கம் போகலாம்.

பயோ, கிரீன் என்று பெயரில் வைத்து விற்கும் புதுப்புதுப் பட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை அறிவிப்புகளில் கேட்பது கெமிக்கல், பாலிமர், வேதியியல் என்ற பழைய பெயர்களைத்தான்.

ஆர்வம் உண்மையானதா என்று சோதிக்கக் கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு செய்முறை: ஆமணக்கெண்ணெயில் பாலியூரிதேன் கட்டி வார்ப்பது. எண்ணெயில் ஹைட்ராக்சில் எவ்வளவு என்று காட்டும் ஹைட்ராக்சில் எண் 160 என்றால், சமான எடை (ஒரு வினைத் தொகுதிக்கு வரும் எடை) 56,100 ÷ 160, அதாவது சுமார் 350. எண்ணெயை இறுகவைக்கும் எம்டிஐ என்ற வேதிப்பொருளில், வினைபுரியும் ஐசோசயனேட் தொகுதி 31 சதவீதம் என்றால் அதன் சமான எடை 4,200 ÷ 31, சுமார் 135. ஆக 100 கிராம் எண்ணெய்க்கு 38.5 கிராம் எம்டிஐ; ஐந்து சதவீதம் கூட்டி 40.5 கிராம் எடுப்பார்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் முதல் கட்டி பெரும்பாலும் ரொட்டிபோல் பொங்கி ஓட்டையாகத்தான் வரும். காரணம் ஈரம். எண்ணெயில் 0.1 சதவீதம் தண்ணீர் இருந்தாலே அது ஒன்றரை கிராம் எம்டிஐயைத் தின்றுவிடும். கூட்டிப்போட்ட ஐந்து சதவீதத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. கூடவே சுமார் 130 மில்லி கரியமில வாயு. 100 மில்லியை ஒட்டிய எண்ணெய்க்குள் அவ்வளவு வாயு! கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்த நாட்டு விளக்கெண்ணெய் இதற்கு ஆகாது. எஃப்.எஸ்.ஜி. (சுத்திகரித்த முதல் தர ஆமணக்கெண்ணெய்) தரம் வாங்கி, வெற்றிடத்தில் 100 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்து, கார்ல் ஃபிஷர் கருவியில் ஈரம் 0.05 சதவீதத்துக்குக் கீழ் வந்ததை உறுதிசெய்த பிறகே கலக்க வேண்டும். பொங்கிய கட்டியைத் தூக்கி எறியாமல், ஏன் பொங்கியது என்று ஈரத்தை அளக்கப் போகிறாளா என்று பாருங்கள். போனால் இந்தத் துறை அவளுடையது.

இதை வீட்டில் செய்யவே கூடாது. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவுகூடத் தாங்காது. புகைபோக்கி அறையும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோயா எண்ணெயில் ஆக்சிஜனை ஏற்றி எப்பாக்சி ஆக்கும் சோதனையும் அப்படித்தான்: வினை தானே சூடேறும், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 60 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கலம் பொங்கித் தெறிக்கும்.

வேலை எங்கே? ஆமணக்கு வேதிப்பொருள் ஆலைகள் பெரும்பாலும் குஜராத்தில். அங்கே போக மனமில்லையென்றால் தமிழ்நாட்டிலும் வழியுண்டு: பெயின்ட், பசை, ஆம்பூர் பக்கத்துச் செருப்பு அடிப்பாகங்கள், கேபிள் இணைப்புகளுக்கு ஊற்றும் கலவை. பண்ருட்டி என்றால் முந்திரி; அந்தக் கொட்டையின் ஓட்டு எண்ணெயிலிருந்து பிரிக்கும் கார்டனால், எப்பாக்சி பெயின்டை இறுகவைக்கும் பொருளுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகிறது. நம் மண்ணிலேயே விளையும் மூலப்பொருள், கவனிக்கிறவர்கள் குறைவு. இன்னொரு பக்கம் சோதனைக்கூடங்கள்: ஒரு பிளாஸ்டிக் செடியிலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்பதைக் கார்பன் 14 அளந்து சொல்வார்கள்; பெட்ரோலியத்தில் அது எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது.

தொடக்கத்தில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் அமில எண், அயோடின் எண் என்று எண்ணெயின் தரம் பார்க்கும் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும். இரண்டு ஆண்டு அதைச் சலிக்காமல் செய்தவர்களைத்தான் கலவை உருவாக்கும் வேலைக்கு நம்பி எடுப்பார்கள். பெண் பிள்ளை, ஆலை வேலை என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. நேர்முகத் தேர்வில் ஷிப்ட் நேரம், கம்பெனி பேருந்து, வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி, ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகிய நான்கையும் அவளே கேட்கட்டும். நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும்.

இப்போதைக்குக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் கெமிக்கலை முதலிலும் ரப்பர், பிளாஸ்டிக்கை அடுத்தும் வையுங்கள். இடம் கிடைக்காவிட்டால் திண்டாடாமலிருக்க, பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.