நெய்யில்லாப் பொங்கல்: அடுப்படிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. பொங்கலுக்கு ஒரு நாள்தான் லீவு, ஊருக்குப் போக முடியாது. எங்கள் அறையில் மூன்று பேர், பக்கத்து அறையில் மூன்று பேர், ஆறு பேரும் சேர்ந்து பொங்கல் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். நான் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் கொள்கையாகவே விட்டுவிட்டேன். நண்பர்களும் 'அன்றைக்கு உனக்கு ஏற்ற மாதிரியே எல்லாருக்கும் செய்வோம்' என்கிறார்கள். ஆனால் கடையில் பாதாம் பால், வீகன் நெய் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மொத்தம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஒற்றை அடுப்பு, 5 லிட்டர் குக்கர், ஒரு கடாய், மிக்ஸி இருக்கின்றன. ரேஷன் கார்டு ஊரில் அம்மாவிடம். முடியுமா அக்கா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முடியும் தம்பி. முதலில் அந்த ஐந்து நண்பர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒருவனுக்காக ஐந்து பேர் நெய்யை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

பாதாம் பாலையும் பாக்கெட் நெய்யையும் மறந்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பொங்கல் பானையை நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தைப்பொங்கல் அன்று வைக்கும் வெண்பொங்கல் பச்சரிசியும் தண்ணீரும்தானே? பாசிப்பருப்பும் மிளகும் போட்டு நெய் மிதக்க ஓட்டலில் தருகிறார்களே, அது வேறு பண்டம். பானையில் பால் ஊற்றுகிற வீடுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். அதில் இருக்கும் மாவுச்சத்தே நுரை கட்டிப் பொங்கி வழியும். அதனால் 'பாலுக்குப் பதில் என்ன' என்று தேடிக் காசைக் கரைக்காதீர்கள். பாலும் நெய்யும் கேட்காத சமையலே நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதைச் செய்தால் போதும்.

இப்போது அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். அண்மை ஆண்டுகளில் ரேஷன் கடைப் பொங்கல் பரிசுத் தொகுப்பில் 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு தந்திருக்கிறார்கள். அரிசியையும் அரைக் கிலோ சர்க்கரையையும் ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தான், அதிலும் கால் கிலோ கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் 500 ரூபாயில் பெரும்பகுதி காய்கறிக்கும் தேங்காய்க்கும் வெல்லத்துக்கும் மிச்சமாகும். கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம், கடையில் சில்லறைப் பச்சரிசி வாங்கினால் போதும். பொன்னி, சீரகச்சம்பா என்று போக வேண்டாம்.

காய்கறி வாங்குவதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். தை மாதம் மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு எல்லாம் வந்து குவிகிற காலம். கிலோக் கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கினால் காசும் போகும், காயும் வீணாகும். பொங்கலுக்கு முந்தின நாட்களில் சந்தைகளில் பல காயும் கலந்து கூறு கட்டி வைத்திருப்பார்கள், அதில் ஒன்று வாங்குங்கள். கூறு கிடைக்காவிட்டால் பரங்கிக்காய் ஒரு கீற்று, கத்தரிக்காய் கால் கிலோ, அவரை கால் கிலோ, வாழைக்காய் ஒன்று, சர்க்கரைவள்ளி இரண்டு, சிறுகிழங்கு ஒரு கை. பச்சை மொச்சை விலை அதிகமாக இருந்தால் காய்ந்த மொச்சையை 100 கிராம் வாங்கி முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். கத்தரிக்காய் மட்டும் புதிதாக இருக்கட்டும். மற்றவை கொஞ்சம் வாடியிருந்தாலும் குழம்பில் தெரியாது.

காசை மிச்சம் பிடிக்க ஒரே தேங்காயை மூன்று வேலைக்கு வாங்கிக்கொள்வோம். முற்றின பெரிய காய், ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். முழுவதையும் துருவி, அரை டம்ளர் வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்துத் துணியில் பிழிந்தால் கெட்டியான முதல் பால் கிடைக்கும். அதைத் தனியாக வையுங்கள். சக்கையில் மறுபடி ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அடித்தால் இரண்டாம் பால். சக்கையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! வெறும் கடாயில் சிறு தீயில் வறுங்கள். ஈரமாக இருப்பதால் முதலில் கட்டிகட்டியாக ஒட்டும், கரண்டியால் உடைத்துவிட்டுக்கொண்டே இருங்கள். ஈரம் போனதும் உதிர ஆரம்பிக்கும், அப்புறம் ஓரம் சிவக்கும், வாசனை வரும். அந்த இடத்தில் இறக்கிவிடுங்கள். குழம்பு மசாலாவுக்குத் தேங்காய் தயார்.

அதே கடாயில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மல்லி 3 ஸ்பூன், கடலைப்பருப்பு ஒன்றரை ஸ்பூன், வற்றல் மிளகாய் 8, வெந்தயம் கால் ஸ்பூன் வறுத்து, சக்கையில் பாதியைச் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். இதையும், மொச்சையும் பருப்பும் வேகவைப்பதையும் முதல் நாள் இரவே முடித்துவிட்டால் ஒற்றை அடுப்பு ஒரு தொல்லையே இல்லை. துவரம்பருப்பு 200 கிராம் போதும். குக்கர் அடியில் மொச்சை, மேலே கிண்ணத்தில் பருப்பு, ஒரே தடவையில் கேஸ் மிச்சம். ஆறியதும் இரண்டும், அரைத்த மசாலாவும் தேங்காய்ப் பாலும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இந்த வேலைகளை விடியற்காலையில் செய்யுங்கள்.

காலையில் குழம்பை முதலில் வையுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து மஞ்சள்தூள், உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, சிறுகிழங்கும் வாழைக்காயும் முதலில், கத்தரியும் அவரையும் அடுத்து, பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கடைசியில். இந்த வரிசை மாறினால் பரங்கி கரைந்து காணாமல் போகும், சிறுகிழங்கு கடுக்கென்று நிற்கும். சிறுகிழங்கின் தோலைக் கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும். பழைய சாக்கில் போட்டு, தரையில் தட்டித் தேய்த்தால் மண்ணும் தோலும் தானே உரியும். வாழைக்காயை நறுக்கி மோரில் போடுவார்கள், நீங்கள் உப்புத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. காய் வெந்ததும் பருப்பு, மொச்சை, மசாலா சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்தால் ஆயிற்று. நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளியுங்கள்.

அடுத்தது சர்க்கரைப் பொங்கல். நெய் இல்லாத குறை தெரியாமல் இருக்க ஒரே வழி பாசிப்பருப்பை வறுப்பதுதான். கால் டம்ளர் பாசிப்பருப்பைச் சிறு தீயில், கைவிடாமல், லேசாகச் சிவந்து வாசனை அறை முழுக்க வரும்வரை வறுங்கள். ஒரு டம்ளர் பச்சரிசியோடு சேர்த்து, இரண்டாம் தேங்காய்ப் பாலும் தண்ணீருமாக 5 டம்ளர் ஊற்றிக் குக்கரில் குழைய வேகவையுங்கள். நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது, இதில் அவசரம் கூடாது. ஒரு டம்ளர் பொடித்த வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், இனிப்பு போதாமல் இருந்தால் ஊர்ச் சர்க்கரை அரை டம்ளர். வெல்லத்தில் பளிச்சென்ற மஞ்சளை விட்டுவிட்டு, பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். நிறத்துக்காக ரசாயனம் போடுகிறார்கள். கிளறிக் கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு முதல் பாலை ஊற்றிக் கலக்குங்கள். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். 2 ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை வறுத்துப் போடுங்கள், முந்திரிக்கு அழ வேண்டாம். ஏலக்காய் இரண்டு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. பச்சைக் கற்பூரம் கிடைத்தால் கடுகளவு, அதற்கு மேல் போனால் கசக்கும்.

வெண்பொங்கலைக் கடைசியில் வைத்தால் சுடச்சுட இலைக்கு வரும். பொங்கி வழிவதைப் பார்க்க வேண்டும் என்பதால் மூடியில்லாமல் ஆரம்பியுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரையே ஊற்றி, நுரை ஏறி வழிந்ததும் எல்லாரும் குலவையிட்டு, அதன் பிறகு அரிசியைப் போட்டு மூடுங்கள். 3 டம்ளர் அரிசிக்கு 12 டம்ளர் தண்ணீர், உப்பு. அரிசி போகும்போது குக்கர் நிரம்பி நிற்கக் கூடாது, வழிந்தது போக மீதியை அளந்து ஊற்றிக்கொள்ளுங்கள். மிச்சம் வைத்த தேங்காய்ச் சக்கையை அவரைப் பொரியலில் தூவிவிட்டால் இலை நிறைந்துவிடும். வடை, அப்பளம் கேட்டால் பொரிக்க எண்ணெய்க் காசு தனி. இந்தத் தடவை அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அந்தக் காசுக்கு ஆறு வாழையிலையும் மஞ்சள் கொத்தும் வாங்குங்கள்.

மீந்த வெண்பொங்கலில் இரவே தண்ணீர் ஊற்றி வையுங்கள். குழம்பைச் சுண்டவைத்து மாட்டுப்பொங்கல் காலையில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். அந்த ருசிக்காகவே எங்கள் பக்கம் குழம்பைக் கூடுதலாக வைப்பார்கள்.

கேள்வி: கல்லூரி விடுதியிலிருந்து வரும் என் மகள் இப்போது பால், நெய் எதையும் தொடுவதில்லை. என் மாமியாரோ நெய் இல்லாமல் சூரியனுக்குப் படைக்கவே கூடாது என்கிறார். இரண்டு பானை வைக்க எனக்கு வசதியும் இல்லை, தெம்பும் இல்லை.
– வாசகி, திருச்சி

பதில்: ஒரே பானை போதும் அம்மா. மேலே தம்பிக்குச் சொன்ன மாதிரி தேங்காய்ப் பாலும் தேங்காய் எண்ணெயும் விட்டுப் பொங்கலை முடித்துவிடுங்கள். படைப்பதற்கு ஒரு வெண்கலக் கிண்ணத்தில் எடுத்து, அதில் மட்டும் ஒரு ஸ்பூன் நெய்யை உங்கள் மாமியார் கையாலேயே விடச் சொல்லுங்கள். கரண்டி மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். 200 மில்லி நெய் வாங்குகிற இடத்தில் 50 மில்லியோடு முடியும்.

மகளுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் ஏதோ எடுத்துவைத்து 'இது உனக்கு' என்று நீட்டாதீர்கள். எல்லாரும் சாப்பிடுகிற அதே பொங்கலை அவளும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். விடுதியில் தினமும் 'இதில் பால் இருக்கா, அதில் தயிர் இருக்கா' என்று கேட்டுக் கேட்டே சாப்பிட்டிருப்பாள். வீட்டிலாவது கேட்காமல் கை வைக்கட்டும். மாமியாரிடம் பேசும்போது மகளின் கொள்கையை விளக்கி வாதாட வேண்டாம். உங்கள் பேத்தி சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நெய்யைக்கூட விட்டுவிடலாம், தயிர் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது?
– வாசகர், சேலம்

பதில்: பண்டிகை நாளில் ரசத்தோடு முடியுங்கள். மற்ற நாட்களுக்கு வேர்க்கடலைத் தயிர் இருக்கிறது. ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, 3 டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஐந்தாறு பச்சைமிளகாய்க் காம்புகளைக் கழுவிப் போட்டு மூடிவையுங்கள். முதல் தடவை இளக்கமாகத்தான் உறையும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் இன்னும் கெட்டியாக வரும். கடலை வாசனை கொஞ்சம் இருக்கும், அதனால் சோற்றில் பிசைவதைவிட இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு நீர்மோராகக் கரைத்துக் குடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வடிகட்டிய சக்கையில் பூண்டும் வற்றல் மிளகாயும் வைத்து அரைத்தால் இட்லிக்குச் சட்னி.