பழைய கிராம வரைபடத்தைச் சாட்டிலைட் படத்தின் மேல் பொருத்த எந்த இலவச மென்பொருள் நல்லது?

கரூர் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தாத்தா வைத்திருந்த கிராம வரைபடத்தைப் போனில் படம் எடுத்திருக்கிறீர்கள், அதைச் சாட்டிலைட் படத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாது. இதே வேலையை நான் கோபி பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்துக்காகச் செய்திருக்கிறேன்.

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளைப் போடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். படத்தைப் பொருத்த இன்னும் பல இலவச வழிகள் உண்டு. ஆனால் வரைபடத்திலும் சாட்டிலைட் படத்திலும் ஒரே இடம் என்று நீங்கள் குறித்து வைத்த ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை இது எண்ணாகவே காட்டிவிடும். அந்த எண்ணுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வரைபடம் மைலுக்கு 16 அங்குலம் அளவில் வரைந்தது. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் சுமார் 4 மீட்டர். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்து, 7 புள்ளி வைத்து, உருமாற்ற வகையில் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அட்டவணையில் பிழை எல்லாம் பூஜ்யம். சரியாக வந்துவிட்டது என்று நம்பி, போனில் படத்தை ஏற்றிக்கொண்டு மாமாவோடு காட்டுக்குள் போனேன். பழைய இட்டேரி (இரு வேலிக்கு நடுவே போகும் தடம்) இருந்த இடம் இது என்று காட்டினேன். "இங்க இல்ல மாப்ள, இட்டேரி அந்தப் பனைமரத்துக்கு அந்தாண்ட போச்சு. நான் மாடு ஓட்டிட்டுப் போன தடம் எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்ன இடத்துக்கும் நான் காட்டிய இடத்துக்கும் 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

தின் பிளேட் ஸ்ப்லைன் படத்தை ரப்பர் போல இழுத்து, வைத்த புள்ளிகளின் மேல் கொண்டுபோய் உட்கார வைக்கும். தப்பான புள்ளியாக இருந்தாலும் அதன் மேலேயே உட்காரும். அதனால்தான் பிழை எப்போதும் பூஜ்யம். வீட்டுக்கு வந்து 'பாலினாமியல் 1' போட்டு மறுபடி ஓட்டினேன். இது படம் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தித் திருப்பி நீட்டும், அங்கங்கே தனியாக இழுக்காது. இதற்கு 3 புள்ளி போதும். நான் 14 வைத்தேன். இப்போது எண்கள் தெரிந்தன. பெரும்பாலான புள்ளிகளில் 6, 8 பிக்சல். நடு மடிப்பை ஒட்டிய புள்ளிகளில் மட்டும் 25 பிக்சல், அதாவது 8 மீட்டர். மடிப்புக்கு இந்தப்பக்கம் ஒரு திசையிலும் அந்தப்பக்கம் எதிர்த்திசையிலும் விலகலைக் காட்டும் சிவப்புக் கோடு நீண்டிருந்தது.

வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்ததை யாரோ பின்னால் காகிதம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டும்போது ஒரு பாதி மற்றதன் மேல் 4 மில்லிமீட்டர் ஏறியிருந்தது, அங்கே 16 மீட்டர் நிலமே மறைந்துவிட்டது. ஸ்கேனை இரண்டாக வெட்டித் தனித்தனியாகப் பொருத்தினேன். மாமா சொன்ன பனைமரத்துக்கு அந்தப்பக்கமே இட்டேரி வந்து விழுந்தது.

புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்குச் சதுரக் கிணறுகள் பெரிய வரம். பாறையை வெட்டி இறக்கிய கிணற்றின் மூலை இன்றைக்கும் சாட்டிலைட்டில் துல்லியமாகத் தெரியும். கோயில், ஏரிக்கரை மடங்கும் இடம், இட்டேரிகள் சேரும் முக்கு ஆகியவையும் நல்லவை. ஓடைக்கரை வேண்டாம், அது இடம் மாறும். பழைய வரைபடமாக இருந்தால் கீழ்பவானி வாய்க்காலைத் தேடாதீர்கள். அது 1950களில் வந்தது. புள்ளிகள் நான்கு மூலைகளிலும் நடுவிலும் பரவியிருக்கட்டும். ஊருக்குள் மட்டும் பத்து வைத்தால் காட்டுப்பக்கம் கோணிவிடும்.

இன்னொன்று, கொங்கு நாட்டுக்கு நடுவில் 78 பாகைத் தீர்க்கரேகை போகிறது. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் முறையில் மண்டலம் அங்கேதான் மாறுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு 43-வது மண்டலம், கியூஜிஐஎஸ்ஸில் கொடுக்க வேண்டிய குறியீடு 32643. கரூர், நாமக்கல், சேலம் ஊர்கள் 44-வது, குறியீடு 32644. உங்கள் ஊர் 78 பாகைக்குக் கிழக்கே இருந்தால் 32644 போடுங்கள், மேற்கே இருந்தால் 32643. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டுகள் (நில அமைப்பு வரைபடங்கள்) எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, ஜிபிஎஸ் கணக்கு வேறு. அவற்றில் அச்சிட்ட அட்ச, தீர்க்க எண்களை ஜிபிஎஸ் எண்கள் என்று அப்படியே போட்டால் நம் பக்கம் 100 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். கிராம வரைபடத்தில் அந்த எண்களே இருக்காது என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மற்றவை: கூகுள் எர்த் புரோவும் இலவசம்தான். ஆனால் அதில் படத்தைக் கையால் இழுத்துத் திருப்பி வைக்கலாம், எவ்வளவு தவறு என்று தெரியாது. ஒரு பார்வைக்குப் போதும். மேப் வார்ப்பர் பிரவுசரிலேயே வேலை செய்யும், பழைய கணினி உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் ஏற்றும் படம் மற்றவர்கள் கண்ணிலும் படும், பட்டாதாரர் பெயர் உள்ள படத்தை அங்கே போடாதீர்கள். நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பழைய வரைபடங்களுக்கு ஆல்மேப்ஸ் அருமை. நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் ஜிடிஏஎல் கட்டளைகள் கற்றுக்கொள்ளலாம், கியூஜிஐஎஸ்ஸின் அடியில் ஓடுவதும் அதுதான்.

போனில் எடுத்த படத்தை வைத்துத் தொடங்காதீர்கள். லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். ஈரோட்டிலோ கரூரிலோ பெரிய பிளான் ஸ்கேன் செய்யும் கடையில் கொடுத்து ஒரே துண்டாக எடுங்கள். கியூஜிஐஎஸ்ஸின் புது பதிப்புகளில், படத்தைப் பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சர் 'லேயர்' மெனுவுக்குள் இருக்கிறது. பழையவற்றில் 'ராஸ்டர்' மெனு. புள்ளிகளைத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள், பிறகு ஒரு புள்ளி தப்பென்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றி ஓட்டலாம்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மைக்கோடே நிலத்தில் 2 மீட்டர். தொலைந்த கிணறு, தடம், ஓடை தேட இது போதும். வரப்புச் சண்டைக்கு இதைக் கொண்டு போகாதீர்கள். அதற்கு மனுக் கொடுத்து அரசு சர்வேயரை வைத்து அளக்க வேண்டும்.