மோட்டார் அறைச் சுவர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்னை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு எழுதுகிறேன். தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். நான்கில் தென்னை, மீதியில் மாட்டுக்குச் சோளத்தட்டும் கொஞ்சம் காய்கறியும். நான்கு கறவை மாடுகள். சென்னையில் ஒன்பது வருடம் கணினி வேலையில் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது.

இந்தக் கோடை என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. நாலரைக்கு எழுந்து பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவதற்குள் ஏதாவது ஒன்று நின்றிருக்கும். மோட்டார் மதியம் இரண்டு மணி வாக்கில் ட்ரிப் ஆகும். சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்திருக்கும். தட்டு வெட்டும் மெஷினில் பெல்ட் அறுந்தது. கோடை உழவுக்கு எடுத்த டிராக்டர் கொதித்து நின்றது. கடைசியில் போர் மோட்டாரே எரிந்துவிட்டது. பைப்பைக் கழற்றி மேலே எடுக்க ஒரு நாள், காயில் கட்டி வாங்க ஐந்து நாள், திரும்ப இறக்க ஒரு நாள். எரிவதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டிலில் கிடந்த அப்பா "தொட்டியில தண்ணி விழுற சத்தம் மாறுது" என்று குழறிக் குழறிச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

"தோட்டம் பார்க்க வந்தீங்களா, மெக்கானிக் வேலை பார்க்க வந்தீங்களா?" என்று என் மனைவி கேட்கிறாள். பதில் தெரியவில்லை. உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்? எனக்குத்தான் கை வரவில்லையா? விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

கே.

*

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் விழும் தண்ணீர் ஒரே சீராக விழாமல், விட்டு விட்டு, நடுவில் காற்றைத் துப்பிக்கொண்டு விழுந்திருக்கும். போரில் நீர்மட்டம் பம்ப் வரைக்கும் இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தண்ணீருக்குள் மூழ்கி நின்று ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஃபேன் கிடையாது. அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் உள்ளேயே வெந்துபோகும். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் உண்டு. தூக்கத் தண்ணீர் இல்லாதபோது மோட்டாருக்குச் சுமை குறைவு, ஆம்பியரும் இறங்கிவிடும். ஆகவே ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே சும்மா இருக்கும். நீங்கள் ஸ்டார்ட்டரைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்திருப்பீர்கள். போருக்குள் அத்தனை ஆழத்தில் நடந்ததை மேலே கட்டிலில் கிடந்தவர் காதால் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த முறை அவர் ஏதாவது சொன்னால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் தடுப்பு ஒன்றையும் பேனல் போர்டில் வைத்துவிடுங்கள். அப்பா தூங்கும் நேரத்துக்கு அது உதவும்.

இரண்டு மணிக்கு ட்ரிப் ஆவது வேறு கதை. 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 340 வந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் பத்து சதவீதம் கூடினால் காயிலில் சூடு இருபத்தொரு சதவீதம் கூடும். சூடு வர்க்கக் கணக்கில் ஏறுவதுதான் காரணம். உங்களுக்கு இது புரியும், கணக்குப் படித்தவர். வோல்டேஜ் சரியாக இருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியையே பாருங்கள். ரிலேக்குள் இருப்பது சூட்டில் வளையும் ஒரு தகடு. மேற்குப் பார்த்த சுவரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தகரப்பெட்டி இருந்தால், மோட்டார் தப்பே செய்யாவிட்டாலும் அது வளைந்துவிடலாம். ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்று வாங்கி, காலையிலும் மதியமும் மூன்று பேஸையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். பெட்டியின் மேல் நான்கு தென்னங்கீற்றைச் சாத்தியதோடு பிரச்சினை தீர்ந்த தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ரிலேயின் திருகைக் கூட்டி வைக்காதீர்கள். நான் செய்தேன். 2004 கோடை என்று நினைவு. மரம் வாடுகிறதே என்ற பதற்றத்தில், விழ விழ ரீசெட்டை அழுத்தினேன். நான்காவது முறை ஸ்க்ரூடிரைவரால் ஆம்பியரை ஏற்றி வைத்துவிட்டு, பெரிய வேலை முடித்தவன்போல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு வாசனை. அந்த வாசனையை இருபது வருடம் கழித்தும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

சரி, உங்கள் காலத்தில் எப்படி என்று கேட்கிறீர்கள். என் காலத்தை விடுங்கள், அப்பாரு, அதாவது என் தாத்தா, காலத்திலிருந்தே சொல்கிறேன். அவர் கவலை ஓட்டியவர், அதாவது எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். இரண்டு எருது, தண்ணீர் மொள்ள ஒரு சால், வடக்கயிறு, வால்கயிறு, உருளை. அதில் பழுதே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வடம் தேயும், தோல் கிழியும், உருளையின் அச்சு முறியும், எருதுக்குக் கால் வீங்கும். எல்லாம் சொல்லிவைத்ததுபோல் சித்திரையில்தான். காரணம் எளிது. கிணறு ஆழத்துக்குப் போவது அப்போதுதான், சால் அதிகத் தடவை இறங்கி ஏறுவதும் அப்போதுதான். எந்தச் சாமானையும் அதன் எல்லை வரைக்கும் இழுப்பது கோடை. மோட்டாருக்கும் இதே நியாயம்தான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அப்பாரு ஒருநாளும் உருளை செதுக்கியதில்லை, தோல் தைத்ததில்லை. அதற்கெல்லாம் ஊரில் ஆள் இருந்தார்கள். ஆசாரி, கொல்லர், தோல் தைப்பவர் எல்லாருக்கும் வருடத்துக்கு ஒருமுறை களத்தில் தானியம் அளப்பார்கள். சொல்லி அனுப்பினால் வந்தாக வேண்டும். அந்த ஏற்பாடு நன்றாக ஓடியது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சு கிடையாது. சால் தைக்க வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பேரன் இன்று கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், நல்ல விஷயம். ஆனால் அந்த நாலைந்து பேர் செய்த வேலை எங்கும் போய்விடவில்லை. அது உங்கள் ஒருவர் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. கை வரவில்லையா என்று கேட்டீர்களே, வரவேண்டியது எத்தனை பேருடைய கை என்று எண்ணிப் பாருங்கள்.

1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் இறங்கியது. மழை குறைவான நம்முடைய வறண்ட மேட்டில் மோட்டார்தான் தோட்டம். மின் கட்டணத்தை யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து 1970ல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சில பைசாவுக்கா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உங்கள் மனைவியின் கேள்விக்கும் என் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் மெக்கானிக் வேலை வேறு, தோட்ட வேலை வேறு இல்லை. அதை அவரிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

சில சில்லறை விஷயங்கள். டிராக்டர் கொதித்தது அநேகமாக ரேடியேட்டரில் தூசியும் செத்தையும் அடைத்துக்கொண்டதால். கோடைப் புழுதியில் ரோட்டவேட்டர் ஓட்டினால் தினமும் சாயங்காலம் வலையை ஊதிவிட வேண்டும், ஃபேன் பெல்ட்டையும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. அணில் குழாயைக் கடிப்பது அநேகமாகத் தாகத்துக்கு. தோப்பில் நாலு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், முழுதாக நிற்காது, ஆனால் குறையும். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனால் லைன்மேன் வரும்வரை காத்திருங்கள். தென்னை ஒரு நாள் காயலாம். குச்சியோடு ஏறிய இரண்டு பேரின் சாவுக்கு நான் போய் வந்திருக்கிறேன்.

மரங்களைப் பற்றியும் ரொம்பப் பயப்பட வேண்டாம். நம் மேற்கு மாவட்டங்களில் கோடைக்கு, சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் உங்கள் நான்கு ஏக்கருக்கு 18,200 லிட்டர். ஏழு நாள் அது இல்லாமல் போனதால் வளர்ந்த மரம் சாகாது. குரும்பை, அதாவது பிஞ்சு, கொட்டும், வரும் வருடம் காய் குறையும். வட்டப்பாத்தியில் காய்ந்த மட்டையும் தேங்காய் நார்க்கழிவும் கெட்டியாகப் போட்டு மூடி வையுங்கள். 2017ல் அதைச் செய்த இடத்தில் எனக்கு மரம் தப்பியது, சோம்பிவிட்ட மூலையில் முப்பது மரம் மொட்டையாக நின்றது.

அப்புறம், காயில் கட்ட ஐந்து நாள் ஆனதற்கு அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரலில் அவர் வாசலில் இருபது மோட்டார் வரிசையில் கிடக்கும். கார்த்திகையில் போனால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். கேபிள் ஜாயின்ட், கான்டாக்டர், கபாசிட்டர் எல்லாவற்றையும் மழைக்காலத்தில் பாருங்கள். ஒரு செட் கான்டாக்ட் பாயின்ட்டும் ஒரு பெல்ட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எங்கள் மோட்டார் அறைச் சுவரில் அப்பா கரியால் எழுதி வைத்திருக்கிறார்: 1989, பைப் 18. பைப் ஒன்றுக்கு இருபது அடி, ஆக 360 அடியில் மோட்டார் தொங்கியிருக்கிறது. அதற்குக் கீழே 2003, பைப் 29. அதற்கும் கீழே என் கையெழுத்தில் 2017, பைப் 41. எப்போது எரிந்தது, எந்த பேஸ் போனது, யார் காயில் கட்டியது என்பதெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுவோம். உங்கள் அப்பாவும் எங்காவது எழுதி வைத்திருப்பார். கதவுக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறத்தில், தேடிப் பாருங்கள்.

விற்பதைப் பற்றி வைகாசியில் யோசிக்க வேண்டாம். ஐப்பசி மழை முடியட்டும். நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து, பால் பணம், காய்ப் பணம், ரிப்பேர்ச் செலவு எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அப்போதும் விற்கத் தோன்றினால் விற்பதில் குற்றமில்லை. சலித்துப்போன மே மாதத்து மதியத்தில் நிலத்துக்கு நல்ல விலையும் கிடைக்காது.

புது காயிலோடு இறக்கிய மோட்டார் மூன்று பேஸிலும் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது? மதியம் இரண்டு மணிக்கு அளந்து எழுதுங்கள். எத்தனை எச்.பி., எத்தனை பைப் என்பதையும் சேர்த்து.