கேளுங்க பாஸ்: 60 ஆயிரத்துல ஹோம் தியேட்டர் தேறுமா?

கேள்வி: ஹால் 10க்கு 14 அடி, சோபா பின்சுவத்தை ஒட்டித்தான் கிடக்கு. ரிசீவர் (ஸ்பீக்கரை எல்லாம் ஓட்டற ஆம்ப்ளிஃபயர் பெட்டி), ஸ்பீக்கர், சப்வூஃபர் (பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) எல்லாம் சேர்த்து 60 ஆயிரம்தான் பட்ஜெட். "இப்ப 7.2 அட்மாஸ் ரிசீவரை எடுத்துடுங்க சார், ஸ்பீக்கர் அப்புறமா பாத்துக்கலாம்"னு கடைக்காரர் சொல்றார். எடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேணாங்க. அந்த "அப்புறமா" நம்ம வீடுகள்ல லேசுல வராது, ரெண்டு வருஷம் கழிச்சும் பெரிய ரிசீவரும் குட்டி டப்பா ஸ்பீக்கருமா உக்காந்திருப்பீங்க. சோபா சுவத்தோட ஒட்டி இருக்குன்னா பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் வைக்க இடமே இல்ல, 7.2ல வர்ற அந்த கூடுதல் ரெண்டு சேனலை, தலைக்கு மேலேர்ந்து சத்தம் வர்ற அட்மாஸுக்குத்தான் விடணும், அதுக்கு தனியா ஒரு ஜோடி ஸ்பீக்கர், வயர், சீலிங்ல டிரில்லிங்னு செலவு போய்ட்டே இருக்கும். 5.1, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் போதும். மிச்சமாகுற காசை சப்வூஃபர்ல போடுங்க, படம் பாக்கும்போது வித்தியாசம் தெரியறது அங்கதான்.

யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஹெச்590 ரெண்டும் இந்த ரகம்தான். நாலு ஹெச்டிஎம்ஐ உள்ள, ஒண்ணு வெளிய, ஏஆர்சி (டிவி சத்தத்தை அதே ஹெச்டிஎம்ஐ வயர்ல ரிசீவருக்கு திருப்பி அனுப்பற வசதி), ப்ளூடூத், ஒரு சின்ன மைக்கை நீங்க உக்காற இடத்துல வச்சா தானா ட்யூன் பண்ணிக்கிற வசதி, எல்லாம் இருக்கு. எது ஸ்டாக்ல இருக்கோ, எதுக்கு உங்க ஊர்ல சர்வீஸ் இருக்கோ அதை எடுங்க. பிஎஸ்5 மாதிரி ஏதாவது இருந்தா அதை மட்டும் நேரா டிவில மாட்டுங்க, இந்த ரிசீவர் வழியா 4கே 120 ஹெர்ட்ஸ் போகாது, சத்தம் ஏஆர்சில வந்துடும்.

வாட்ஸ் விஷயத்துலதான் நம்மாளுங்க நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்த யமஹாவையே எடுத்துக்கங்க, ஒரே ரிசீவருக்கு 135, 100, 70னு மூணு நம்பர் போட்டிருப்பாங்க. 135ங்கறது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு ஃப்ரீக்வென்சில, சத்தம் 10 சதவீதம் உடையற வரைக்கும் முறுக்கி எடுத்த கணக்கு. ரெண்டு சேனலும் சேர்ந்து ஓடி, 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் சுத்தமா குடுக்கறது 70. ரெண்டு கம்பெனி ரிசீவரை ஒப்பிட்டா இந்த கடைசி நம்பரைத்தான் பாக்கணும், அதுலயும் அந்த நம்பர் எத்தனை ஓம்ஸ் (ஸ்பீக்கரோட மின்தடை) ஸ்பீக்கருக்கு, 6ஆ 8ஆன்னு பாருங்க. வாட்ஸ் டபுள் ஆனாலும் கிடைக்கறது 3 டெசிபல்தான், காதுக்கு கொஞ்சம் கூடினாப்ல இருக்கும், அவ்வளவுதான். 10க்கு 14 ஹாலுக்கு 70 தாராளம், அதுக்கு மேல போனா பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

சப்வூஃபர் பவர்டா இருக்கணும், அதாவது கரண்ட் ப்ளக் அதுக்குன்னு தனியா வரணும். ரிசீவர் பின்னாடி சப்வூஃபருக்கு வெறும் சிக்னல் மட்டும்தான் வரும், பழைய ஹோம் தியேட்டர் பாக்ஸ் செட்டோட சப்வூஃபரை மாட்டலாம்னு நினைச்சா வேலைக்கு ஆகாது. செட்டிங்ஸ்ல எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்"னு வச்சு கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல விடுங்க, அதுக்குக் கீழ இருக்கற பாஸ் எல்லாம் சப்வூஃபருக்குப் போயிடும், மைக் ட்யூனிங் "லார்ஜ்"னு போட்டிருந்தாலும் மாத்திடுங்க.

எல்லாம் மாட்டியும் 5.1 வரலன்னா ரிசீவரைத் திட்டாதீங்க, டிவில ஆடியோ அவுட்புட் பிசிஎம்ல (டிவியே சத்தத்தைப் பிரிச்சு அனுப்பற முறை) இருக்கும். ஏஆர்சில பிசிஎம்னா ஸ்டீரியோ மட்டும்தான் போகும். ஆட்டோ இல்ல பாஸ்த்ரூ (டிவி தொடாம அப்படியே அனுப்பறது) வச்சு, ஹெச்டிஎம்ஐல மாட்டின கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற சிஇசியை ஆன் பண்ணிப் பாருங்க.

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற மச்சான் அவரோட பழைய 5.1 ரிசீவரை சும்மாவே தர்றேங்கறார். ஹெச்டிஎம்ஐ கிடையாது, ஆப்டிகல் (ஒளி வழியா சத்தத்தை அனுப்பற வயர்) இருக்கு. கொண்டு வரலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முதல்ல பின்பக்கம் எத்தனை வோல்ட்னு போட்டிருக்குன்னு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. 120 வோல்ட்னு மட்டும் இருந்தா நம்ம 230ல நேரா சொருகினா அன்னைக்கே புகைஞ்சிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டலாம், ஆனா ரிசீவர் இழுக்கற வாட்ஸ விட நல்லா அதிகமா தாங்கறதா இருக்கணும், அதுவே அஞ்சாறு கிலோ வெயிட் வரும். மச்சான் துபாய்ல இருந்திருந்தா இந்த தலைவலியே இல்ல. மத்தபடி ஆப்டிகல்னா கேவலம் இல்லைங்க, டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ்னு படத்தோட சரவுண்ட் சத்தம் வர்ற ரெண்டு ஃபார்மட்டும் வரும். ஓடிடி ஆப்கள் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல அனுப்பும், அது ஆப்டிகல்ல போகாது, டிவி அதை சாதா டால்பியா மாத்திக் குடுக்கணும், உங்க டிவி அதைச் செய்யுதான்னு பாருங்க. யூடியூப்ல போய் 5.1 தேடாதீங்க, அங்க பெரும்பாலும் ஸ்டீரியோதான்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி 5.1 அசெம்பிள் பண்ணித் தர்றேன்னு தெரிஞ்ச பையன் சொல்றான். "2000 வாட்ஸ் பிஎம்பிஓ"ங்கறான். நம்பலாமா? (சென்னை வாசகர்)

பதில்: பையனை நம்பலாம், பிஎம்பிஓவை நம்பாதீங்க, அது ஸ்டிக்கர்ல அச்சடிக்க கண்டுபிடிச்ச நம்பர். ஆர்எம்எஸ், அதாவது விடாம குடுக்கற நிஜ வாட்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க. டிரான்ஸ்பார்மர் செம்புச் சுத்தா அலுமினியமா, எத்தனை ஆம்ப்னும் கேளுங்க, ஏன்னா 5200, 1943 டிரான்சிஸ்டர் ஒரிஜினலாவே இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் சின்னதா இருந்தா பாஸ் வர்ற இடத்துல சத்தம் படுத்துடும். பாட்டுக்கு, ஊரே கேக்கற மாதிரி போடறதுக்கு அசெம்பிள் செட்டை அடிச்சுக்க முடியாது. படத்துக்குன்னா டீகோடர் போர்டு (சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரிக்கற போர்டு) எதுன்னு பாருங்க, டால்பி டிஜிட்டலை நிஜமாவே பிரிக்குதா இல்ல ஸ்டீரியோவையே ஆறு பக்கமும் தெளிக்குதான்னு ஒரு 5.1 டெஸ்ட் ஃபைலை பென்டிரைவ்ல கொண்டு போய் போட்டுக் கேட்டுட்டு, அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.