மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவது

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பர்மாவில், பெகுவில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். 1964-இல் அப்பாவின் மளிகைக் கடை அரசுடைமையானபோது எனக்கு எட்டு வயது. சித்தப்பா குடும்பம் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டது. அப்பா போக மறுத்ததால் நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். பேரப்பிள்ளைகளுக்காக இவற்றை எழுதத் தொடங்கி, எப்படியோ ஆறு நோட்டுப் புத்தகங்களை நிரப்பிவிட்டேன்.

எழுதும்போது இருந்த வேகம் திருத்த உட்கார்ந்ததும் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் அத்தியாயம் வருவதற்குள் மனம் சோர்ந்துவிடுகிறது. எழுதியதில் பாதி பொய் போலவும், மீதி யாருக்கும் வேண்டாத சங்கதி போலவும் தோன்றுகிறது. நான் பர்மியப் பள்ளியில் படித்தவள், என் தமிழ் கோயில் வகுப்பில் கற்ற தமிழ். உ.வே.சா. போன்றவர்கள் தன்வரலாறு எழுதலாம், மளிகைக் கடைக்காரர் மகள் எழுதி என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் கேட்கிறார். பழையதைக் கிளறாதே என்றும் சொல்கிறார். ஊக்கம் குன்றாமல் இந்த வேலையை முடிக்க வழி சொல்லுங்கள். மூன்றாம் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படியெடுத்து இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, பெகு

*

அன்புள்ள அம்மா,

இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். ஊக்கத்துக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். ஆறு நோட்டுகளைக் கையாலேயே எழுதி நிரப்பியவரிடம் ஊக்கம் குறைந்துவிட்டது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை எழுதும்போது நினைவு நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும், எழுதியது சரிதானா என்று திரும்பிப் பார்க்க அது விடாது. திருத்த உட்காரும்போது அந்த உந்துதல் இருப்பதில்லை. எழுதியவரே வாசகராகவும் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வாசகரோ வாழ்நாளெல்லாம் நல்ல புத்தகங்களைப் படித்துப் பழகியவர், அவ்வளவு எளிதில் திருப்தி அடைய மாட்டார். அவர் ஒரு குறையை உணர்கிறார், ஆனால் அது எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கு முன்பே, ‘நான் எழுதத் தகுதியில்லாதவள்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். வரியைப் பற்றிய புகார் ஆளைப் பற்றிய புகாராக மாறிவிடுவதுதான் இதில் உள்ள சங்கடம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்றாம் அத்தியாயத்தில்தான் நிற்கிறீர்கள். தகுதிதான் குறையென்றால் அது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், கடைசி நோட்டிலும் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கால் இடறுகிறதென்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். ஆகவே அந்த அத்தியாயத்தை மெதுவாகப் படித்தேன்.

கடையைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்த நாளைப் பற்றிய அத்தியாயம் அது. காலையில் அவர்கள் வருகிறார்கள். மாலையில் உங்கள் அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து நூறு கியாட் நோட்டுகளை எடுத்துப் பாயில் பரப்பி, இனி இவை வெறும் காகிதம் என்று சொல்லி அழுகிறார். எட்டு வயதுப் பெண் கதவோரம் நின்று பார்க்கிறாள். உணர்ச்சி குறையாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்க முடியாது. கடைகளை அரசு எடுத்துக்கொள்வது 1964 மார்ச் 19-இல் ரங்கூனில் தொடங்கி, ஏப்ரலில் மற்ற ஊர்களுக்கும் வந்தது. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதோ மே 17-இல். கடை போன துக்கம் ஆறுவதற்குள் கையிலிருந்த பணமும் போனதால், இரண்டு அடிகளையும் உங்கள் நினைவு ஒரே நாளில் வைத்து முடிச்சுப் போட்டுவிட்டது. உங்களை அறியாமலே உங்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ‘பாதி பொய் போல’ என்று நீங்கள் எழுதியதன் வேர் இங்கேதான் இருக்க வேண்டும்.

இதற்காக அந்த மாலைக் காட்சியை நீக்க வேண்டியதில்லை. தேதியைச் சரிசெய்துவிட்டு, நினைவில் இருப்பதையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இடையில் சில வாரங்களாவது சென்றிருக்க வேண்டும், எனக்கு மட்டும் அது ஒரே நாளாகத்தான் நினைவிருக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அந்த வாக்கியம் வந்தபின் படிப்பவர் உங்களை முன்னைவிட அதிகமாக நம்புவார். நினைவுகளை எழுதுகிறவரிடம் வாசகர் பஞ்சாங்கத் துல்லியத்தை எதிர்பார்ப்பதில்லை. எது உறுதியாகத் தெரியும், எது அப்படி நினைவிருக்கிறது என்ற வேறுபாட்டை அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார். மற்ற நோட்டுகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கும். ஊரறிந்த நிகழ்ச்சிகளின் தேதிகளை ஒரு தனித்தாளில் வரிசையாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பெரும்பாலானவை தாமே அகப்பட்டுவிடும்.

அதே அத்தியாயத்தில் இன்னோர் இடம். கணக்கெடுக்க வந்தவர் பருப்பு மூட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டு போகும்போது, உங்கள் அப்பா அவரை நிறுத்தி, ‘இந்த மூட்டையில் இரண்டு வீசை குறையும், நேற்று விற்றது’ என்று சொல்லித் தாமே திருத்துகிறார். தம்மைவிட்டுப் போகப்போகிற சரக்குக்குச் சரியான எடை சொல்கிற மனிதர்! இந்த ஒரு வரியில் அவர் முழுதாக வந்துவிடுகிறார். ஆனால் அதற்குப் பின் அரைப் பக்கம், காலத்தின் கோலத்தையும் விதியின் விளையாட்டையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த அரைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகள் அவை. படிக்கும்போது உங்களுக்கே அலுப்புத் தட்டுவதும், யாருக்கு வேண்டும் இந்தச் சங்கதி என்று தோன்றுவதும் அவற்றால்தான். இரண்டு வீசைப் பருப்பைப் பற்றி நீங்கள் ஒருவர்தான் எழுத முடியும்.

சோர்வு வரும்போதெல்லாம், எந்த வரி என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரியைச் சுட்டிக்காட்ட முடிந்தால் அது வேலை. பென்சிலால் கோடிட்டு வைத்துவிட்டுச் செய்யத் தொடங்கலாம். எந்த வரி என்று காட்ட முடியாமல் எல்லாமே மோசம் என்று மட்டும் தோன்றினால் அது பெரும்பாலும் உடல் களைப்பு. நம் ஊரில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் கண்விழித்துப் படிக்கிறவர்களுக்கு உலக இலக்கியம்கூட மோசமாகத்தான் தெரியும். நோட்டை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதை விட்டுவிடுங்கள். பலமுறை அடித்துத் துவைத்த லுங்கியைப் போல அந்த முதல் இரண்டு அத்தியாயங்களும் இதற்குள் வெளுத்திருக்கும். மற்ற நோட்டுகளை நீங்கள் ஒருமுறைகூட வாசகராக இருந்து படித்ததில்லை. கடைசி நோட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவரை உட்காரவைத்து உரக்கப் படியுங்கள். குழந்தை எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறது, எந்த இடத்தில் நெளிகிறது என்பதைக் கவனித்தால் போதும், என்னைப் போன்றவர்களின் அபிப்பிராயம் தேவைப்படாது.

தமிழைப் பற்றிய கவலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே வளர்ந்தவர்களில் பலருக்குக் கோயில் வகுப்பும் வீடும்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஒற்றுப் பிழையைக் கடைசியில் தெரிந்தவர் ஒருவர் திருத்திக்கொடுப்பார். இப்போதே அதில் இறங்கினால், நாளை வெட்டி எறியப்போகிற பக்கத்துக்கும் சேர்த்துச் சந்தி பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உ.வே.சா.வை உங்கள் அண்ணன் உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறார். எனக்கென்னவோ அவர் உங்கள் கட்சி என்றுதான் தோன்றுகிறது. எண்பதைக் கடந்த பின், 1940-இல், ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதத் தொடங்கிய தன்வரலாறு அது. 1942-இல் அவர் மறைந்தபோது முடியாமலே நின்றது. முடிவு இல்லாத அந்தப் புத்தகத்தை இன்றும் படிக்கிறோம். அதில் அவர் தம் பெருமையைச் சொன்ன பக்கங்கள் யாருக்கு நினைவிருக்கின்றன? மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவதும், மாணவர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டே வருவதும்தான் நினைவில் நிற்கின்றன. தம் ஆசிரியரை அருகிலிருந்து கூர்ந்து பார்த்ததனால் வந்த எழுத்து அது. கடையில் நின்ற அப்பாவைக் கூர்ந்து பார்த்த பெண்ணுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று யார் சொல்ல முடியும்?

பழையதைக் கிளறாதே என்று அண்ணன் சொல்வதை மட்டும் நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். அதைக் குடும்ப கௌரவத்தைப் பற்றிய பேச்சு என்று நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அவருடைய அச்சம் வேறாகவும் இருக்கலாம். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே இங்கே குடியிருந்த இனங்களை ஒரு தரமாகவும், 1948 ஜனவரி 4-க்கு முன் வந்து தங்கியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வேறு தரமாகவும் பிரித்துவைத்தது. தாத்தா எந்த ஆண்டு வந்தார், எந்தப் பெயரில் பதிந்தார் என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கேட்பவர் யார் என்று பார்க்கும் பழக்கம் அதனால்தான் நம் வீடுகளில் உண்டு. உங்கள் நோட்டுகளில் அப்படிப்பட்ட விவரங்கள் இருந்தால் அண்ணனின் தயக்கம் நியாயமானது. ஆனால் எழுதுவது ஒன்று, வெளியிடுவது ஒன்று. இப்போது எதையும் விட்டுவிடாமல் திருத்தி முடியுங்கள். உயிரோடிருப்பவர்களின் காகிதங்களைத் தொடும் இடங்களுக்கு ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுவையுங்கள். வேலை முடிந்தபின் அந்த இடங்களை அண்ணனிடம் காட்டி, இருவருமாக முடிவு செய்யலாம். எதை வெளியே சொல்லலாம் என்ற அச்சமும் நன்றாக எழுதியிருக்கிறேனா என்ற ஐயமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால்தான் உங்கள் பாரம் இரட்டிப்பாகத் தெரிகிறது.

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன், நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். சித்தப்பா குடும்பம் கப்பலேறியதை, ‘எல்லோரும் அழுதுகொண்டே பிரிந்தோம்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். ரங்கூன் துறைமுகத்துக்கு உங்களை அழைத்துப் போகவில்லை, அதனால் எழுதத் தெரியவில்லை என்று குறிப்பும் இட்டிருக்கிறீர்கள். அன்று நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் தங்கள் நகையையும் பணத்தையும் விரும்பியபடி எடுத்துப்போக முடியாது. அப்படியானால் சித்தி எதைக் காதிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு போனார், எதை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார், எதைத் துறைமுகத்தில் கழற்றினார்? இவை எதுவும் அத்தியாயத்தில் இல்லை. சித்தி இன்னும் வியாசர்பாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எண்பத்தைந்துக்குக் குறையாமல் வயதிருக்கும். இணையம் ஒழுங்காகக் கிடைக்கிற நாள் பார்த்து இந்த வாரமே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் சொல்வது உங்கள் நினைவுக்கு மாறாக இருந்தாலும் இடைமறிக்காமல், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயம் அதுவரை காத்திருக்கட்டும்.