அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 72 வயது. என் மனைவி போய் ஏழு மாதம் ஆகிறது. 46 வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவள் பேச்சை எடுத்தாலே மருமகள், "மாமா, மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று கேட்பாள்.

என் மனைவி மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று வைத்திருப்பாள். எட்டு வயதுப் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி ஏன் தாத்தா இதுல ஊசி வச்சாங்க?" என்றாள். "யார் சட்டையிலாவது பொத்தான் அறுந்தா..." என்று ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது. மகன் குழந்தையை உள்ளே கூட்டிப் போய்விட்டான். மறுநாள் அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

என் போனில் அவள் குரல் கொஞ்சம் இருக்கிறது. "குடையை விட்டுட்டுப் போயிட்டீங்க. அங்கேயே நில்லுங்க, எடுத்துட்டு வரேன்." தினமும் ராத்திரி கேட்கிறேன். சில நாள் சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?

முதல் நினைவு நாளுக்கு அம்மாவைப் பற்றி எழுதித் தரும்படி மகள் கேட்கிறாள். 'அன்பே வடிவானவள்' என்று எழுதிக் கிழித்துப் போட்டேன். அவள் கோபக்காரி. ஒருமுறை மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையது. கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதையெல்லாம் எழுதலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

முதலில் செருப்புச் சத்தம். பயப்படாதீர்கள். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து, 1971இல் அதை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பது போலவோ, குரல் கேட்பது போலவோ அனுபவம் இருந்தது. பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 46 வருடம் ஒரு காலடிக்குப் பழகிய காது அது. ஏழு மாதத்தில் எப்படி மறக்கும்? சத்தத்தோடு வேறு குழப்பமோ மறதியோ சேர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் குரலை இன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். போன் கெட்டுப் போனால் அதுவும் போய்விடும். மகனிடமே கேளுங்கள். சேமிக்கும்போது அவரும் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கும் அது அம்மாவின் குரல்தானே. அவர் பெட்டியை மேலே வைத்தது உங்களுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. "நான் அழுதா அழுதுட்டுப் போறேன்ப்பா, பேச்சை மட்டும் நிறுத்தாதே" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மருமகளுக்கும் அது தெரியட்டும். பாவம், அவருக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் மாத்திரையைக் கேட்கிறார்.

பேத்தி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெரியவர்கள் பேச்சை மாற்றினால், பாட்டியைப் பற்றிக் கேட்பதே தப்பு என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். தாத்தா அழுதது அவளால் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் பாதியில் நின்ற அந்தப் பதிலை முடியுங்கள்.

எழுத்துக்கு வருகிறேன். நீங்கள் கிழித்துப் போட்டது சரி. அந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஊசி வைத்த கண்ணாடிப் பெட்டியும், குடையோடு ஓடி வருவதும் அவர் ஒருவருக்குத்தான். கோபத்தையும் எழுதுங்கள், உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. மகளிடம் ஒன்று, மகனிடம் ஒன்று, பேத்தியிடம் ஒன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனைவியாக நீங்கள் அறிந்தவரும், அம்மாவாக அவர்கள் அறிந்தவரும் அப்படியே ஒன்றாக இருக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அதில் வரும்.

அந்த மூன்று வாரத்தைத் தனித்தாளில் அவருக்கே கடிதமாக எழுதுங்கள். கேட்காமல் விட்ட மன்னிப்பை அதில் கேளுங்கள். அதை யாரும் படிக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்து அவரை முதலில் பேச வைத்தது எது என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வருடம் தாண்டியும் இந்த ஏக்கம் குறையாமல், அன்றாட வேலையே நடக்காமல் போனால் அதை நீடித்த துயரம் என்பார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் சாப்பாடும் தூக்கமும் அற்றுப் போனாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடிப் பெட்டியைக் கீழே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேத்திக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுக்கும் வயதுதான்.