நடந்தால் சர்க்கரை எங்கே போகிறது?

கேள்வி: வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மட்டும் இரண்டு வேளை. மதியம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 220. வாய்க்கால் கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து பார்த்தால் 160. என் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அப்புறம் எப்படிக் குறைகிறது? வியர்வையில் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. (ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: வியர்வையில் போகவில்லை அம்மா. உங்கள் தொடையும் கெண்டைக்காலும் அதை எடுத்துக்கொண்டன.

சர்க்கரை தசைக்குள் தானாக நுழைந்துவிடாது. தசை நாரின் மேல் உள்ள சவ்வில் அதற்கென்று ஒரு புரதம் இருக்க வேண்டும். அதன் பெயர் குளூட் 4. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தப் புரதத்தில் பெரும்பகுதி சவ்விலேயே இருக்காது. நாருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளில் அடைந்து கிடக்கும். உங்கள் ஊர் வாய்க்காலில் மதகு கரையிலேயே பதித்திருக்கும்; திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும். இங்கே மதகே கிடங்கில் கிடக்கிறது. தூக்கி வந்து கரையில் பொருத்தினால்தான் பாய்ச்சல்.

சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் அந்தப் பைகளுக்கு உத்தரவு கொடுக்கும். அவை நகர்ந்து வந்து சவ்வோடு ஒட்டிக் கலக்கும், புரதம் மேலே வந்துவிடும். வெளிச் சவ்வு மட்டுமல்ல. தசை நாரில் அந்தச் சவ்வே கிளை வாய்க்கால் மாதிரி நாரின் ஆழம் வரை குழாய் குழாயாக இறங்குகிறது. அங்கேயும் போய் உட்காரும்.

உங்களுக்கு இருக்கும் டைப் 2 வகை நோயில் பெரும்பாலும் புரதத்துக்குப் பஞ்சம் இல்லை. உத்தரவுதான் போய்ச் சேரவில்லை. உத்தரவு போய்ச் சேர்வது எவ்வளவு முக்கியம் என்பதைக் கிரீன்லாந்து மக்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த உத்தரவைக் கடத்தும் ஒரு மரபணு, அப்பா அம்மா இருவர் வழியிலும் பழுதாக வந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். அவர்களுக்கும் முக்கியமாகச் சாப்பிட்ட பிறகுதான் அளவு எகிறியது.

சரி, நடந்தால் என்ன ஆகிறது? தசை சுருங்கும்போது நாருக்குள் கால்சியம் வெளிவரும், எரிபொருள் குறையும். இந்த இரண்டுமே அந்தப் பைகளை மேலே அனுப்பும். இன்சுலின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இது தனிப் பாதை. சர்க்கரை நோயாளிகளிடமும் இந்தப் பாதை நன்றாகவே வேலை செய்கிறது. எனக்கு இதில் உள்ள சந்தோஷம் உங்களுக்கும் வர வேண்டும்: ஆறு வருட நோய் இந்தக் கதவைச் சாத்தவில்லை.

நடையை நிறுத்திய சில மணி நேரத்தில் புரதங்கள் திரும்ப உள்ளே போய்விடும். ஆனாலும் இன்சுலினின் பேச்சைத் தசை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் நிலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாதீர்கள் என்கிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேருங்கள். தொடைத் தசை பெரியது, நிறைய வாங்கிக்கொள்ளும்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடக்கும்போது தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். பின்னால் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ சேர்த்தால் கையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் மதிய நடை வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் நடங்கள். செருப்பு இல்லாமல் வேண்டவே வேண்டாம். கண்ணில் ரத்தக் கசிவோ காலில் புண்ணோ இருந்தால் டாக்டரிடம் கேட்டபின் ஆரம்பியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் உட்கார்ந்தே இருந்திருந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். நடையின் பங்கு எவ்வளவு என்று தெரிய, அதே மட்டை அரிசிச் சோறு, அதே அளவு, அதே நேரம், ஒரு நாள் நடந்தும் ஒரு நாள் நடக்காமலும் பாருங்கள். இரண்டையும் நோட்டில் எழுதி அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.